மரை போனால் ஹெட்டையே மாற்றச் சொல்பவர்களுக்கு

ஆஃப்-ரோடு வண்டிகளுக்கு எஞ்சின் வடிவமைக்கும் பொறியாளர்களுக்கும், அதற்கு சர்வீஸ் கையேடு எழுதுகிறவர்களுக்கும்,

வணக்கம்.

நீங்கள் எழுதும் கையேட்டில் ஒரு வரி உண்டு. போல்ட் துளையில் மரை சேதமாகியிருந்தால் சிலிண்டர் ஹெட்டை மாற்றவும் என்று சொல்லும் வரி. இன்னொரு பக்கத்தில் அதே வரி, எஞ்சினின் தலையான ஹெட்டுக்குப் பதில் அதன் அடிக்கூடான கிராங்க்கேஸ். அவ்வளவுதான், அடுத்த படத்துக்குப் போய்விடுவீர்கள். அந்த ஒரு வரிக்காகத்தான் இந்த மடல்.

வால்வ் இடைவெளி பார்க்க என் நாலு சக்கர குவாட் வண்டியின் எஞ்சினைத் திறந்தேன். அந்த இடைவெளியைச் சரிசெய்யும் ஷிம் தகட்டை மாற்ற வேண்டியிருந்ததால், வால்வைத் திறக்கும் கேம் ஷாஃப்டையும் கழற்றினேன். திரும்ப மாட்டும்போது, அதை ஹெட்டோடு பிடித்து வைக்கும் கேம் மூடிகளுக்கு எட்டு போல்ட், எல்லாம் 6 மில்லிமீட்டர். கையேடு சொன்ன இறுக்கும் அளவு (டார்க்) 10 நியூட்டன் மீட்டர். ஏழு போல்ட்டில், அளவு வந்ததும் சத்தம் போடும் டார்க் ரெஞ்ச் ‘டக்’ என்றது. எட்டாவதில் சத்தமே இல்லை. கால் சுற்று, இன்னொரு கால் சுற்று. இறுகுவதற்குப் பதில் கைக்கு இளகிக்கொண்டே வந்தது. அந்த இளக்கம் கையில் தட்டிய உடனே வயிற்றில் என்ன நடக்கும் என்பது ஸ்பானர் பிடித்தவர்களுக்குத் தெரியும். போல்ட்டை வெளியே எடுத்தால், அதன் பற்களுக்கு நடுவே அலுமினியச் சுருள் ஒன்று பென்சில் சீவல் போல அழகாகச் சுற்றிக்கொண்டு வந்தது.

தப்பு என் மேல்தான், மறைக்கவில்லை. என்னிடம் இருந்தது 100 நியூட்டன் மீட்டர் வரை போகும் பெரிய ரெஞ்ச். அதன் அளவுகளின் கீழ்க்கோடியில் அதை நம்பக்கூடாது என்று தெரிந்தும் அதையே எடுத்தேன். மரையில் எண்ணெய் வேறு படிந்திருந்தது. நாம் இறுக்கும் விசையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் போல்ட்டை இழுத்துப் பிடிக்கிறது. மீதியெல்லாம் போல்ட் தலைக்கு அடியிலும் மரையிலும் உராய்வாகவே போய்விடுகிறது. அந்த உராய்வை எண்ணெய் குறைத்தால் அதே 10 நியூட்டன் மீட்டரில் போல்ட் எக்கச்சக்கமாக இழுபடும். இது உங்களுக்குத் தெரியாததல்ல. அப்படியானால் டார்க் அட்டவணையில் காய்ந்த மரையா, எண்ணெய் தடவிய மரையா என்று ஒரு வார்த்தை ஏன் இல்லை?

சரி, என் கதைக்கு வருகிறேன். கேம் மூடிகளை ஹெட்டோடு சேர்த்து ஒரே மூச்சில் கடைந்திருப்பீர்கள். ஆகவே அந்த மூடி அந்த ஹெட்டுக்கு மட்டும்தான் பொருந்தும், வேறு ஹெட்டிலிருந்து எடுத்துப் போட முடியாது. ஹெட்டை மாற்றினால் வால்வ், சீட், கைடு என்று எல்லாவற்றையும் முதலிலிருந்து பார்க்க வேண்டும். ஒரு விரல்நுனி அளவு அலுமினியம் உதிர்ந்ததற்கு இத்தனையும். வண்டிக்கா உனக்கா மரை கழன்றது என்று வீட்டில் கேட்டார்கள். நியாயமான கேள்விதான்.

ஹெட்டை மாற்றவில்லை. கெட்ட மரையைக் குடைந்தெடுத்து, அந்த இடத்தில் புது மரையாக உட்காரும் எஃகுக் கம்பிச் சுருள் போட்டேன், பட்டறையில் ஹெலிகாயில் என்று சொல்வார்களே, அது. எப்படிச் செய்தேன் என்று விரிவாகவே எழுதுகிறேன். உங்கள் கையேட்டில் இருக்க வேண்டிய பக்கம் இதுதான் என்று நினைக்கிறேன்.

முதலில் செயின் இறங்கும் பள்ளத்தையும் எண்ணெய் ஓட்டைகளையும் துணியால் அடைத்தேன். அங்கே ஒரு சீவல் விழுந்தாலும் அது நேராக பேரிங்குக்குத்தான் போகும். அப்புறம் கேம் மூடியை, அதை இடம் பிசகாமல் பிடிக்கும் ஊசிகளில் மறுபடி உட்கார வைத்து, மூடியின் துளை வழியாகவே 6.3 மில்லிமீட்டர் டிரில்லை இறக்கினேன். கையால் பிடிக்கும் டிரில் எந்தப் பக்கமும் சாயும், ஆனால் மூடி அதைச் சாயவிடவில்லை. எவ்வளவு ஆழம் என்பதற்கு டிரில்லில் ஒட்டுநாடா சுற்றி அடையாளம் வைத்தேன். அந்த அடையாளத்தைத் தாண்டினால் ஹெட்டுக்கு மறுபக்கம் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது, தண்ணீர்ப் பாதையாகவும் இருக்கலாம். உங்களிடம் வரைபடம் இருக்கிறது. எனக்கு ஒட்டுநாடாதான்.

துளைக்குள் மரை வெட்டும் டேப் அடிக்கும்போது மூடியை எடுத்தாக வேண்டும், ஏனென்றால் சுருளுக்கான டேப் சாதாரண 6 மில்லிமீட்டர் டேப்பை விடப் பருமன். மூலைமட்டத்தை இரண்டு பக்கமும் வைத்துப் பார்த்துப் பார்த்து, அரைச் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே. டேப்பின் பள்ளங்களில் கிரீஸ் அப்பியிருந்ததால் சீவல் அதிலேயே ஒட்டிக்கொண்டது. இரண்டு மூன்று முறை வெளியே எடுத்துத் துடைத்து, மறுபடி கிரீஸ் போட்டு இறக்கினேன். துளையை ஊதிச் சுத்தம் செய்துவிட்டு, துளியும் ஈரம் இல்லாமல் துடைத்தேன். அடி மூடிய துளையில் எண்ணெய் தேங்கியிருந்தால், போல்ட் இறங்கும்போது அதற்குப் போக வழியில்லாமல் வார்ப்பே பிளந்துவிடலாம்.

சுருள் 9 மில்லிமீட்டர் நீளம், அதாவது போல்ட்டின் விட்டத்தைப் போல ஒன்றரை மடங்கு. அலுமினியத்துக்கு அதற்குக் குறைவாகப் போட எனக்கு மனம் வராது. மேல்பரப்புக்கு அரைச் சுற்று கீழே போகும் வரை திருகி இறக்கி, திருகுவதற்குப் பிடியாக அடியில் இருக்கும் நாக்கை உடைத்து, ஊசிமூக்குக் குறடால் எடுத்தேன். காந்தத்தை நம்பவில்லை. இந்தத் துருப்பிடிக்காத எஃகு காந்தத்தில் ஒட்டினாலும் ஒட்டும், ஒட்டாமலும் போகும். நாக்கை வெள்ளைத் தாளில் வைத்துக் கண்ணால் பார்த்த பிறகுதான் மூச்சு வந்தது.

இம்முறை சின்ன ரெஞ்ச், காய்ந்த மரை. 10-இல் ‘டக்’ என்றது.

இது ஒட்டுப்போட்ட வேலை என்று நீங்கள் முகம் சுளிக்கலாம். உங்களுக்கே தெரியும், விமான எஞ்சின்களின் அலுமினிய ஹெட்டில் ஸ்பார்க் ப்ளக் துளைக்குக் கம்பிச் சுருள் பழுதுக்குப் பிறகு வருவதில்லை, புதிதாக இருக்கும்போதே இருக்கிறது. போல்ட் நேரடியாக அலுமினியத்தைக் கடிப்பதற்குப் பதில் எஃகைக் கடிக்கிறது. சுருளோ அதைவிடப் பெரிய விட்டத்தில் அலுமினியத்தைப் பிடித்துக்கொள்கிறது. வெறும் மரையில் பாரத்தில் பெரும்பங்கை முதல் ஓரிரு பற்களே சுமக்கின்றன. சுருள் கொஞ்சம் நெகிழ்ந்து கொடுத்து அதைப் பரப்பிவிடும். முறையாகப் போட்டால் பழைய மரையை விட இதுதான் வலு.

தார்ச் சாலையில் ஓடும் வண்டிக்கு இந்தப் பேச்சு ஒருவேளை அதிகப்படியாக இருக்கலாம். சேற்றிலும் மணலிலும் ஆற்றிலும் இறங்கும் வண்டிக்கு அப்படியல்ல. தண்ணீரைத் தாண்டி வந்து எண்ணெய் பால் போல வெளுத்திருந்தால் அன்றைக்கே எண்ணெயை வடிக்கும் ட்ரெயின் போல்ட்டைக் கழற்ற வேண்டும். தூசி அதிகமென்றால் எண்ணெயையும் அடிக்கடி மாற்ற வேண்டும், வால்வையும் அடிக்கடி பார்க்க வேண்டும். ஒரே துளையை எத்தனை முறை திறந்து மூடுவது? எஃகும் அலுமினியமும் ஈரத்தில் ஒட்டிக் கிடந்தால் அரிப்பு வரும், அதிலும் உப்புத் தண்ணீர் என்றால் கேட்கவே வேண்டாம். சூடேறினால் அலுமினியம் எஃகை விட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரிகிறது. சூடான எஞ்சினில் அவசரப்பட்டு ஸ்பார்க் ப்ளக்கைக் கழற்றினால் மரையும் கூடவே வருவது உண்டு. அடிக்கடி திறக்க வேண்டும் என்று நீங்களே அட்டவணை போட்டுத் தந்த துளைகளில்தான் வெறும் அலுமினிய மரை இருக்கிறது.

ஆகவே நான் கேட்பது: ட்ரெயின் போல்ட், ஸ்பார்க் ப்ளக், கேம் மூடி, இந்த மூன்று இடத்திலாவது ஆலையிலேயே எஃகு மரை வைத்துக் கொடுங்கள். கேம் மூடிக்கு, ஹெட்டிலேயே நிற்கும் ஸ்டட்டும் அதன் மேல் நட்டும் போட்டாலும் சரி, தேய்வது நட்டாக இருக்கட்டும். அதுவும் முடியாதென்றால் துளையைச் சுற்றிக் கொஞ்சம் கூடுதல் சதை விடுங்கள், பின்னாளில் சுருள் போட இடம் இருக்கும். ட்ரெயின் போல்ட்டைச் சுற்றி நீங்கள் விட்டிருக்கும் சுவரைப் பார்த்தால் எனக்குப் பயமாக இருக்கிறது.

கையேட்டிலும் கொஞ்சம் மனது வையுங்கள். ஒவ்வொரு துளைக்கும் எவ்வளவு ஆழம் வரை டிரில் போகலாம், எத்தனை நீளச் சுருள் போடலாம், பின்னால் என்ன ஓடுகிறது என்று ஒரு படம் போதும். போல்ட் நீளங்களையும் போடுங்கள். நீளமான போல்ட் இருந்த துளையில் குட்டையைப் போட்டு, மூன்றே பல்லில் இறுக்கிப் பிடுங்கிய கிராங்க்கேஸ்கள் நிறைய.

யாராவது தவறாகச் செய்து எஞ்சின் போனால் பொறுப்பு எங்கள் தலையில் விழும் என்பீர்கள். ஆனால் நீங்கள் சொல்லாவிட்டாலும் செய்யத்தான் செய்கிறார்கள். மரையில் டெஃப்லான் நாடா சுற்றுகிறார்கள், அது பிய்ந்து எண்ணெய் வடிகட்டியை அடைக்கிறது. தானே மரை வெட்டிக்கொள்ளும் பெரிய போல்ட்டை முறுக்கி ஏற்றி, சீவலை எஞ்சினுக்குள் தள்ளுகிறார்கள். இரண்டு கலவைப் பசை பூசி ஒரு வாரம் ஓட்டுகிறார்கள். வார்ப்பில் விரிசல் விழுந்திருந்தால் மாற்றத்தான் வேண்டும், அதில் எனக்கும் வாதம் இல்லை. அந்த விரிசலை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதையும் அதே பக்கத்தில் எழுதிவிடுங்கள்.

என் கையேட்டில் அந்த வரிக்குக் கீழே 6.3 என்றும், சுருள் 9 என்றும், மூடியை வழிகாட்டியாக வை என்றும் பென்சிலால் எழுதியிருக்கிறேன். எவ்வளவு ஆழம் என்ற இடத்தில் கேள்விக்குறிதான் இருக்கிறது. அதற்கு மட்டுமாவது பதில் அனுப்புங்கள்.

இப்படிக்கு,
உங்கள் எஞ்சினைத் தன் கையாலேயே திறந்து மூடும் ஒருவன்