மரக்கன்று கொடுப்பதற்கு முன்: நம் தாமான் குடியிருப்பாளர் சங்கத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய செயலவையினருக்கு வணக்கம்.

கோத்தோங் ரோயோங் எனும் கூட்டுப்பணி நாளன்று வீட்டுக்கொரு மரக்கன்று தரப்போவதாகவும், அழகான வாசலுக்குப் பரிசு உண்டென்றும் அறிவித்திருக்கிறீர்கள். நல்ல காரியம். ஆனால் பரிசுக்குப் பூவை மட்டும் பார்க்காதீர்கள். வாசலில் விழும் மழை எங்கே போகிறது என்றும் பாருங்கள்.

1,000 சதுர அடிக் கூரையில் 50 மில்லிமீட்டர் மழை விழுந்தால் ஏறக்குறைய 4,600 லிட்டர் தண்ணீர். கோலாலம்பூரின் ஒரு மாலை இடிமழைக்கு அது பெரிய காரியமில்லை. அத்தனையும் வீட்டைச் சுற்றிய சிமெந்துத் தளத்தில் வழிந்து லோங்காங்கில், அதாவது வடிகாலில், சேர வேண்டும். நான் அந்தத் தளத்தை உடைத்துச் சுவரோரம் பூப்பாத்தி கட்டினேன். மண்ணை உள் தரையைவிட உயரமாகக் கொட்டினேன். இரண்டே வருடத்தில் கார் நிறுத்தும் போர்ச் தரை ஒரு பக்கம் இறங்கியது. கூடத்துச் சுவரில் ஈரம் ஏறியது. பாத்தி மண் வழியாகவே கரையான் கதவு நிலைக்கு வந்தது. வேலை செய்த குத்தகையாளர் தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை, அதுதான் இன்றும் மனசை அரிக்கிறது.

நம்முடையது போன்ற வரிசை வீடுகள் பலவற்றில் வீடு மண்ணில் ஆழமாக இறக்கிய பைலிங் தூண்கள் மேல் நிற்கும். போர்ச் நிரப்பிய மண்மேல் போட்ட வெறும் தளம். அடிமண் அரித்துப்போனால் போர்ச் தனியாக இறங்கும், இரண்டும் சேரும் இடத்தில் விரிசல் விடும்.

மரக்கன்று விஷயம். வேர் நல்ல கான்கிரீட்டை அவ்வளவு சுலபமாக உடைக்காது. ஆனால் கசியும் குழாய் இணைப்பைக் கண்டால் உள்ளே புகுந்துவிடும். வெயில் காலத்தில் களிமண்ணின் ஈரத்தை உறிஞ்சி மண்ணைச் சுருங்க வைக்கும். ஆலும் அரசும் கோவில் வளாகத்தில் நிற்கட்டும். வாசலுக்குச் செம்பருத்தி, மருதாணி, கறிவேப்பிலை கொடுங்கள். அவற்றையும் சுவரை ஒட்டி நட வேண்டாமென்று சொல்லிக் கொடுங்கள்.

வாசல் முழுக்கச் சிமெந்து பூசச் சொல்லவில்லை. புல் இருக்கட்டும், சுவரைவிட்டுத் தள்ளி. சுவரிலிருந்து வெளியே 5 அடிக்கு 3 அங்குலம் சரிவு இருந்தால் போதும். அந்தச் சரிவுக்கும், அடைக்காத லோங்காங்குக்கும் பரிசில் பாதி மதிப்பெண் ஒதுக்குங்கள்.

கூட்டத்துக்கு முன் ஒரு மழைநாளில் குடையோடு என் வீட்டுக்கு வாருங்கள். விரிசலைக் காட்டுகிறேன்.

அன்புடன்,
உங்கள் தாமான்வாசி