ஊட்டிக்கு வருமுன் படித்துவிடு

கூடலூர்,
ஏப்ரல் 10

அன்பு மகள் கவிதாவுக்கு,

மே மாதம் பாப்பாவையும் உன் மாமியாரையும் ஊட்டி தாவரவியல் பூங்காவுக்குக் கூட்டிப்போக வேண்டும் என்றாய். போனில் சொன்னால் பாதியை மறந்துவிடுவாய், அதனால் எழுதுகிறேன்.

முதலில் வண்டி. உங்கள் கேரள நம்பர் காரில் வழிக்கடவு, நாடுகாணி வழியாக ஏறினால் இ-பாஸ், அதாவது ஆன்லைனில் எடுக்கும் அனுமதிச் சீட்டு, கேட்பார்கள். 2024 மே 7 முதல் உயர் நீதிமன்ற உத்தரவில் வந்த ஏற்பாடு இது. 2025 சீசனில் வார நாளுக்கு 6,000 வண்டி, சனி ஞாயிறுக்கு 8,000 வண்டி என்று கணக்கும் வைத்தார்கள். தேதி முடிவானதும் எடுத்துவிடு. சோதனைச்சாவடியில் நின்றுகொண்டு போனைத் தடவாதே. பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலையும் விடமாட்டார்கள். எவர்சில்வர் பாட்டில் இரண்டு எடுத்து வா.

மலர் கண்காட்சி பெரும்பாலும் மே நடுவில்தான் தொடங்கும். அது தொடங்கி வரும் முதல் செவ்வாயோ புதனோ போங்கள். அதற்கு முன்னால் போனால் பெரிய புல் மைதானத்தைப் பராமரிப்புக்காக மூடி வைத்திருப்பார்கள். ரொம்பத் தள்ளிப் போனால் மழையில் பூ அடிபட்டிருக்கும். பூங்கா காலை 7 மணிக்குத் திறக்கும். இங்கிருந்து 50 கிலோமீட்டர்தான், ஆனால் நடுவட்டம் ஏற்றம் இருக்கிறது. ஐந்து மணிக்கே கிளம்புங்கள். பாப்பாவுக்குப் பால் கொடுத்து ஏற்றாதே, வளைவில் வாந்தி வரும். ஒரு இட்லி போதும். பத்து மணிக்கு மேல் சேரிங்கிராஸில் வண்டி நகராது. அப்படி மாட்டிக்கொண்டால் காரை விட்டுவிட்டு, சுற்றுலா இடங்களைச் சுற்றிவரும் சர்க்யூட் பஸ் ஏறுங்கள்.

நடுவட்டத்தில் சிங்கோனா தோட்டம் போட்ட மெக்ஐவர்தான் 1848-இல் இந்தப் பூங்காவை அமைக்க வந்தவர். அதற்கு முந்தைய வருஷம் அது வெள்ளைக்காரர்கள் மாதம் 3 ரூபாய் சந்தா போட்டுத் தொடங்கிய காய்கறித் தோட்டம். இப்போது 22 ஹெக்டேர், முழுக்கச் சரிவு. காலில் தெம்பிருக்கும்போதே நீயும் மாப்பிள்ளையும் பாப்பாவோடு மேலே ஏறிவிட்டு இறங்குங்கள். மாமியாரை ஏற்றாதே, கீழ்ப் பக்கத்திலேயே அவருக்குப் பார்க்க நிறைய இருக்கிறது. 2 கோடி வருஷத்துக் கல்மரத்தையும் குரங்கு ஏற முடியாத மரத்தையும் பாப்பாவுக்குக் காட்டு.

பூந்தொட்டிகளை அடுக்கி வைத்திருக்கும் மலர் மாடத்தில் எல்லோரும் செல்ஃபி எடுத்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். நீ ஒரு தொட்டி முன்னால் கொஞ்சம் குனிந்து பார். அத்தனை தொட்டியும் ஒரே வாரத்தில் பூக்கிறதே, அதுதான் வேலை. சினரேரியாவுக்கு இந்தக் குளிரில் ஐந்து மாதம் வேண்டும், டிசம்பரிலேயே விதைத்தாக வேண்டும். பெட்டூனியாவுக்கு மூன்று, மூன்றரை மாதம். செண்டுமல்லிக்கு இரண்டரை மாதம் போதும். எல்லாவற்றையும் ஒரே நாளில் விதைத்தால் செண்டுமல்லி ஏப்ரலிலேயே முற்றிவிடும். டிசம்பர், ஜனவரி உறைபனியில் நாற்று கருகாமல் இருக்க மிலார் செடியை வெட்டி வந்து மேலே மூடுவார்கள்.

சால்வியாவின் அடித்தண்டைப் பார்த்தால் கிள்ளிய தழும்பு தெரியும். மூன்று ஜோடி இலை விட்டதும் நுனியைக் கிள்ளினால்தான் பக்கக்கிளை வந்து தொட்டி நிறையும். ஒரு கிள்ளுக்குப் பத்துப் பதினைந்து நாள் பூ தள்ளிப்போகும். அந்தக் கணக்கு பிசகினால் கண்காட்சி அன்றைக்கு வெறும் இலைதான். டேலியாவுக்குத் தண்டு உள்ளே பொள்ளல், தலை கனம், அதனால் குச்சி கட்டியிருக்கும். தொட்டிகளைக் கூரைக்குக் கீழே அடுக்குவதும் காரணத்தோடுதான். பெட்டூனியா இதழ் நனைந்தால் துணிமாதிரி சுருண்டுவிடும்.

ரோஜாப் பூங்காவை அன்றைக்கே சேர்த்துக்கொள்ளாதே, கால் வலிக்கும். நூறாவது மலர் கண்காட்சி நினைவாக 1995-இல் போட்டது, தனியாகப் பார்க்க வேண்டியது. கோடை மழை இரண்டு நாள் விடாமல் பெய்த பிறகு போனால் ஏமாற்றம்தான். மொட்டின் வெளி இதழ் ஒட்டிக்கொண்டு விரியாமலே பழுப்பாகி நிற்கும்.

செடி வாங்கும்போதுதான் நீ தப்பு செய்வாய் என்று எனக்குத் தெரியும். பூ நிறைந்த சினரேரியாவையும் சைக்ளமனையும் பார்த்து மயங்காதே. அதற்கு ராத்திரிக் குளிர் வேண்டும்; கொச்சி பால்கனியில் ஒரு வாரத்தில் தலை தொங்கும், நீயும் வாடுகிறதென்று தண்ணீர் ஊற்றி வேரை அழுக வைப்பாய். கோலியஸ், சால்வியா நாற்று என்றால் பிழைக்கும். ரோஜா வாங்கினால் ஒட்டுப் போட்ட முடிச்சு மண்ணுக்கு மேலே இருக்கிறதா என்று பார்த்து வாங்கு. ஜூன் மழையில் இலையில் கரும்புள்ளி விழும். தூவானம் படாத, ஆனால் வெயில் வருகிற ஓரத்தில் வை.

ஹைட்ரேஞ்சியா நீலமாக இருப்பது நீலகிரி மண்ணின் புளிப்பால். அந்த மண்ணில் அலுமினியம் கரைந்து வேருக்குப் போகும், பூ நீலமாகும். சுண்ணாம்புத் தண்ணீர் பட்டால் அடுத்த பூ ரோஸ் நிறமாகிவிடும், கடைக்காரரைத் திட்டிப் பயனில்லை. அதுதான் வேண்டுமென்றால் வாங்கி இங்கே நம் வாசலில் வைத்துவிட்டுப் போ.

அம்மா