பழைய டயல் போன் சேகரிப்போர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

தலைவர் அவர்களே, மூத்த உறுப்பினர்களே, இந்த வருடம் புதிதாகச் சேர்ந்திருக்கும் நண்பர்களே, அனைவருக்கும் வணக்கம்.

2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரையிலான அறிக்கையைச் செயற்குழு சார்பில் வைக்கிறேன். போன வருட அறிக்கை நீளம் என்று பொருளாளர் குறைப்பட்டுக்கொண்டார். இந்த வருடமும் சுருக்க முடியவில்லை. மன்னிக்கவும்.

முதலில் இரங்கல். சங்கத்தைத் தொடங்கிய ஐவரில் ஒருவர், தொலைபேசித் துறையில் லைன்மேனாகச் சேர்ந்து 36 வருடம் கம்பம் ஏறியவர், தை மாதம் காலமானார். நமக்கு அவர் எப்போதும் 'லைன்மேன் ஐயா'. நம்மில் பாதிப் பேருக்கு டயலைக் கழற்றச் சொல்லிக்கொடுத்தவர் அவர். கழற்றியதைத் திரும்ப மாட்டவும் அவரைத்தான் கூப்பிட வேண்டியிருந்தது. ஆபரேட்டர் இல்லாமல் தானாகவே லைனை இணைக்கும் ஸ்ட்ரௌஜர் எக்ஸ்சேஞ்சுக்குள் காலை பத்து மணிக்கு நின்றால் தகரக் கூரையில் ஆலங்கட்டி மழை கொட்டுவது போல இருக்கும் என்பார். சுற்றும் நம்பரின் கடைசி இரண்டு எண்ணுக்கு, லைனைத் தேடிப் பிடிக்கும் செலக்டர் கருவி அங்கே எப்படி வேலை செய்யும் என்று கையாலேயே காட்டுவார். "நாலு சுத்தினா நாலு படி மேலே ஏறும். ஏழு சுத்தினா அந்த வரிசையில ஏழு அடி உள்ளே நடக்கும். நீங்க வீட்ல சுத்துறீங்க, அது அங்கே ஏறுது, அவ்வளவுதான் சார்." 1891இல் இதற்குக் காப்புரிமை வாங்கிய ஆல்மன் ஸ்ட்ரௌஜர் அமெரிக்காவில் சவ அடக்கத் தொழில் செய்தவர் என்பதை ஒவ்வொரு கூட்டத்திலும் புதிதாகச் சொல்வது போலச் சொல்வார். நாமும் புதிதாகக் கேட்பது போலக் கேட்போம்.

அவர் வீட்டுக் கறுப்பு போனைக் குடும்பத்தார் சங்கத்துக்கே கொடுத்துவிட்டார்கள். டயல் நடுவில் ஐந்து இலக்க எண், அவர் கையெழுத்தில். ரிசீவர் தாங்கியின் ஓரத்தில் ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனம் காய்ந்து ஒட்டியிருக்கிறது. பேக்கலைட் என்ற அந்தக் காலப் பிளாஸ்டிக்குக்குப் பாலிஷ் போடும் நம் துணைத்தலைவர் எதையும் பளபளக்க வைக்காமல் விடமாட்டார். இதை மட்டும் தொடமாட்டேன் என்று சொல்லிவிட்டார். செயற்குழுவும் அதையே தீர்மானமாக எழுதிக்கொண்டது.

உறுப்பினர் எண்ணிக்கை 27இலிருந்து 31 ஆகியிருக்கிறது. புதிய நால்வரில் இருவர் முப்பது வயதுக்கு உட்பட்டவர்கள். அவர்களில் ஒருவர் தன் பெற்றோரின் கல்யாணப் பத்திரிகையை ஆகஸ்ட் கூட்டத்துக்கு எடுத்துவந்து, போன் நம்பருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் 'பி.பி.' என்று இருக்கிறதே, அது யாருடைய இனிஷியல் என்று கேட்டார். அன்றைய நிகழ்ச்சி நிரல் அத்தோடு முடிந்தது. பக்கத்து வீட்டு நம்பரைக் கொடுத்துவிட்டு 'பி.பி.' என்று போட்டுக்கொண்ட காலத்தை ஆளாளுக்குச் சொல்ல ஆரம்பித்துவிட்டோம். தெருவுக்கு ஒரு போன். அந்த வீட்டுப் பிள்ளைதான் தூதுவன்: "அக்கா, உங்களுக்கு பம்பாய்லேருந்து டிரங்க் கால், சீக்கிரம் வாங்க!" அக்கா கையைத் துடைத்துக்கொண்டு ஓடிவருவதற்குள் டிரங்க் காலின் மூன்று நிமிடத்தில் ஒரு நிமிடம் போயிருக்கும். அந்த வீட்டு மாமி பேச்சைக் கேட்காத மாதிரி கூடத்திலேயே பூத்தொடுப்பார். மறுநாள் தெருவுக்கே சேதி தெரியும். இன்னொரு உறுப்பினர், தன் அப்பா டயல் ஓட்டையில் சின்னப் பூட்டுப் போட்டிருந்ததையும், ரிசீவர் வைக்கும் குமிழைத் தட்டித் தட்டியே தான் நம்பர் போட்டதையும் ஒப்புக்கொண்டார். ஏழுக்கு ஏழு தட்டு, பூஜ்யத்துக்குப் பத்து. அப்பாவுக்குக் கடைசிவரை பில் ஏன் ஏறியது என்று புரியவில்லையாம்.

மாதாந்திரக் கூட்டம் பன்னிரண்டில் பத்து நடந்தது. நவம்பரில் மழை. பிப்ரவரியில் கோரம் சேரவில்லை.

ஜூலைக் கூட்டத் தீர்மானம் பற்றி வெளியில் வேறு மாதிரிப் பேச்சு இருப்பதால் விளக்கமாகவே சொல்கிறேன். 'ஒலிக்காத போன் சங்கப் பதிவேட்டில் சேராது' என்பது தீர்மானம். 14 பேர் ஆதரவு, 9 பேர் எதிர்ப்பு. ஷோகேஸில் அழகாக இருந்தால் போதாதா என்பது எதிர்த்தவர்கள் வாதம். தீர்மானத்தைக் கொண்டுவந்தவன் நான் என்பதால் நடுநிலை வேஷம் போடவில்லை. மணி அடிக்காத, டயல் திரும்பாத போன் பேப்பர் வெயிட். அன்றைக்குப் பதிவேட்டில் 84 போன், ஒலித்தவை 51. மார்ச் முடிவில் ஒலிப்பவை 67. இந்தப் பதினாறில் பதினொன்று லைன்மேன் ஐயா மார்கழி வரை உட்கார்ந்து சரிசெய்தவை.

ரிப்பேரில் கண்ட முதல் எதிரி தேங்காய் எண்ணெய். டயல் கிறீச்சிட்டால் நம் வீடுகளில் ஒரு சொட்டு விடுவது வழக்கமாக இருந்திருக்கிறது. வருடக்கணக்கில் தூசியோடு சேர்ந்து அது பிசினாகிவிடுகிறது. டயலின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னர் உலர்ந்தே இருக்க வேண்டும். அங்கே எண்ணெயே ஆகாது. டயல் திரும்பி வரும்போது லைனை நொடிக்குப் பத்து முறை அறுத்துச் சேர்க்க வேண்டும். பூஜ்யத்தைச் சுற்றிவிட்டால் ஏறத்தாழ ஒரு நொடியில் வீடு திரும்ப வேண்டும் என்பது எளிய சோதனை. ஒரு உறுப்பினரின் போன் இரண்டு நொடி எடுத்தது. அந்தக் காலத்தில் அந்த வீட்டுக்காரர் எத்தனை ராங் நம்பருக்கு எக்ஸ்சேஞ்சைத் திட்டியிருப்பார்!

இரண்டாவது எதிரி ஃபைபர். செம்புக் கம்பியைக் கழற்றிவிட்டு ஃபைபர் பெட்டி வைத்த வீடுகளில் பலருக்கும் ஒரே புகார்: பேச முடிகிறது, கூப்பிட முடியவில்லை. பட்டன் போனின் டோன் மட்டுமே பல பெட்டிகளுக்குப் புரிகிறது. நம் டயல் அறுத்துச் சேர்ப்பது அவற்றின் காதில் விழுவதில்லை. சில பெட்டிகளுக்குப் பழைய இரட்டைக் கிண்ண மணியை அடிக்கும் தெம்பும் இல்லை. பழைய லைனில் மணி அடிக்க 75 வோல்ட் அளவுக்கு மின்சாரம் வரும். கம்பத்தில் கை வைத்திருந்தபோது யாரோ கூப்பிட்டுத் தொலைத்த கதைகள் லைன்மேன் ஐயாவிடம் நிறைய இருந்தன.

ஆகவே சொந்தமாக ஒரு எக்ஸ்சேஞ்ச். மூடப்பட்ட லாட்ஜ் ஒன்றின் எட்டு லைன் இ.பி.ஏ.பி.எக்ஸ். பெட்டி (கட்டடத்துக்குள் இருக்கும் போன்களை ஒன்றோடொன்று இணைக்கும் சின்ன எக்ஸ்சேஞ்ச்) பழைய இரும்புக்கடைக்கு வந்திருப்பதாகத் தகவல் கிடைத்து, பேரம் பேசி 3,500 ரூபாய்க்கு வாங்கினோம். அதற்கு டயலும் புரிகிறது, டோனும் புரிகிறது. 21 முதல் 28 வரை எண்கள். கூட்டம் நடக்கும் மாடியிலும் கீழ்த்தளத்திலுமாக எட்டு போன் இப்போது ஓடுகிறது. காபி வேண்டுமென்றால் 24. காபி வருவதில்லை, அது வேறு புகார்.

அந்தப் பெட்டி மே மாதமே கையில் இருந்ததால் 17ஆம் தேதி உலகத் தொலைத்தொடர்பு தினத்தன்று ஒரு பள்ளியில் கண்காட்சி வைக்க முடிந்தது. விடுமுறையில் பிள்ளைகள் வருவார்களா என்று பயந்தோம். தாத்தா பாட்டிகளோடு வந்தார்கள். டயல் போடப் பிள்ளைகள் இரண்டே நிமிடத்தில் கற்றுக்கொண்டார்கள். நான் எதிர்பார்க்காதது பெரியவர்களை. 26ஆம் எண் போன் மணி அடித்ததும் பின்வரிசையில் உட்கார்ந்திருந்த ஏழெட்டுப் பேர் சட்டென்று எழுந்துவிட்டார்கள். எடுக்க ஓட வேண்டும் என்று கால் நினைத்துக்கொண்டுவிட்டது போல. பிறகு ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தபடி உட்கார்ந்தார்கள்.

ஒரு எச்சரிக்கை. நம் உறுப்பினர் ஒருவர் வெளியூர்க் கடையில் '1885ஆம் ஆண்டு மெட்ராஸ் போன்' என்று செதுக்கிய பித்தளை டயல் போனைப் பெரிய தொகைக்கு வாங்கிவந்துவிட்டார். கடையின் பெயரும் ஊரும் இங்கே வேண்டாம். சென்னையில் எக்ஸ்சேஞ்ச் திறந்தது 1882 ஜனவரி 28 என்பது சரிதான். அன்றைக்கே கல்கத்தாவிலும் பம்பாயிலும் திறந்தார்கள். ஆனால் அங்கே இணைத்துக் கொடுத்தது ஆபரேட்டர். ஸ்ட்ரௌஜர் காப்புரிமை வாங்கியதே 1891. இந்தியாவின் முதல் தானியங்கி எக்ஸ்சேஞ்ச் சிம்லாவில் வந்தது 1913–14இல். 1885இல் டயலை வைத்துக்கொண்டு யாரைக் கூப்பிடுவது? திருகாணியைக் கழற்றியதும் உள்ளே புத்தம்புது பட்டன் போன் பலகை. நண்பர் மனம் தளர வேண்டாம்; பித்தளை நல்ல பித்தளைதான்.

இதற்கு மாற்று மருந்தாக அக்டோபரில் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் பயணம் போனோம். செட்டிநாட்டு வீட்டுத் தூண்களுக்கும் எனாமல் தூக்குகளுக்கும் நடுவே மூன்று போன் கிடைத்தன. இரண்டு, பெங்களூர் தூரவாணி நகரில் 1948இல் தொடங்கிய அரசுத் தொலைபேசி ஆலையான ஐ.டி.ஐ.யின் (இந்தியன் டெலிபோன் இண்டஸ்ட்ரீஸ்) கறுப்பு போன்கள். தொடக்கத்தில் லிவர்பூல் கம்பெனியின் தொழில்நுட்பத்தில் ஆரம்பித்த ஆலை என்பதால் இங்கிலாந்துச் சேகரிப்பாளர்களின் போன்களோடு நம்முடையவற்றுக்குப் பங்காளிச் சாயல் உண்டு. ஒன்றில் பேசினால் எதிர்முனைக்குக் கிணற்றுக்குள்ளிருந்து கேட்பது போல இருந்தது. வாய்ப்பகுதியில் கரித்தூள் கட்டிப்போயிருந்தது. உள்ளங்கையில் நாலு தட்டு தட்டியதும் சரியாகிவிட்டது. மூன்றாவது போனுக்கு டயல் இல்லை. யாரிடமாவது உபரி டயல் இருந்தால் சொல்லுங்கள்.

வரவு செலவு: முந்தைய இருப்பு 6,240. சந்தா 29 பேரிடம் 8,700. கண்காட்சி உண்டியல் 2,150. ஆக 17,090 ரூபாய். செலவில் இ.பி.ஏ.பி.எக்ஸ். பெட்டி 3,500, ஒயரும் சாக்கெட்டும் 1,280, கண்காட்சிக்கு வேன் வாடகையும் டீயும் 4,600, மலர்வளையம் 800, ஜெராக்ஸ் தபால் 410. கையிருப்பு 6,500. சந்தா பாக்கி வைத்திருக்கும் இருவரும் இந்த அறையில்தான் இருக்கிறார்கள் என்று பொருளாளர் சொல்லச் சொன்னார்.

கடைசியாக ஒன்று. கண்காட்சியில் வைத்திருந்த, அட்டை கிழிந்த பழைய டெலிபோன் டைரக்டரி அன்று மாலையிலிருந்து காணவில்லை. யார் எடுத்துப்போனீர்களோ, உங்கள் அப்பா பெயரைத் தேடிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொண்டுவந்து வையுங்கள். எனக்கும் ஒரு பக்கம் பார்க்க வேண்டியிருக்கிறது.

இப்படிக்கு,
செயலாளர்