அவன் லிஃப்டராகவே இருக்கட்டும்

ஊரிலிருந்து,
25.8.2024

அன்புள்ள மாப்பிள்ளை,

நலம். நீயும் தங்கச்சியும் பிள்ளைகளும் நலமா? தங்கச்சிக்கு மூட்டுவலி பரவாயில்லையா? பொங்கலுக்கு நீ போட்ட கடிதத்துக்கு ஆவணி பிறந்த பிறகு பதில் எழுதுகிறேன். தப்பு என்னுடையதுதான், கோபித்துக்கொள்ளாதே. நம் கூட்டாளி கொக்கு மகள் கல்யாணம் வைகாசியில் நல்லபடியாக முடிந்தது. நீ வராததை மூன்று பேர் என்னிடம் கேட்டார்கள். டெய்லர் அண்ணன் கண் ஆபரேஷன் செய்துகொண்டு, மறுபடியும் கைப்பந்து மைதானத்துக்கு வந்து லைன் சொல்கிறார். கண்தான் புதிது, தீர்ப்பு பழையதுதான். வாழைத்தார் விஷயத்தில் இன்னமும் உன்னைத்தான் சந்தேகப்படுகிறார்.

சரி, எழுத வந்த விஷயத்துக்கு வருகிறேன். என் கூடப்பிறந்த தங்கச்சி பையனைப் பற்றித்தான். நீ கடைசியாகப் பார்த்தபோது அரை டிராயர் போட்டுக்கொண்டு பந்து பொறுக்கிக்கொண்டிருந்தானே, அவன் இப்போது பிளஸ் டூ. ஆறடி ஒரு அங்குலம், இன்னும் வளருகிறான். பத்து வயதிலிருந்து, என்னை மாதிரியே, அடிக்கிறவனுக்குப் பந்தைத் தூக்கிக் கொடுக்கிற லிஃப்டர். நான்தான் பழக்கினேன். பந்து அவன் விரலில் பட்டால் சத்தமே கேட்காது மாப்பிள்ளை. நம் பி.டி. சார் சொல்வாரே, "சத்தம் கேட்டால் அது லிஃப்ட் இல்லை, தட்டு" என்று. அந்த மாதிரிக் கை.

போன வாரம் ஒரு செலக்‌ஷன் கேம்ப்புக்குப் போனான். அங்கே இருந்த பயிற்சியாளர் இவனை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இவ்வளவு உயரத்தை வைத்துக்கொண்டு லிஃப்ட் போடுவதா? அடிக்கப் பழகு, இல்லாவிட்டால் இடமில்லை" என்று சொல்லிவிட்டார். பையன் முகம் தொங்கிப்போய் வந்தான். வீட்டில் அதற்கு மேல். பிளஸ் டூவோடு பந்தை மூட்டை கட்டிவிட்டு இன்ஜினீயரிங் சேர வேண்டும் என்று மச்சான் உத்தரவு போட்டுவிட்டார். தங்கச்சி இரண்டு பக்கமும் பேச முடியாமல் அழுகிறாள். எனக்கு ஒரு வாரமாகத் தூக்கம் சரியில்லை.

அவன் என் மருமகன் என்பதற்காக மட்டும் இல்லை. நம் நாட்டு அணி நாற்பது வருஷமாக எந்த இடத்தில் சறுக்குகிறதோ, அந்த இடத்துக்கே ஒருவன் தானாக வளர்ந்து வருகிறான். அவனைப் பிடித்து வேறு வரிசையில் நிறுத்துகிறார்களே என்பதுதான் என் ஆத்திரம்.

ஹாங்சோ ஆசிய விளையாட்டு ஞாபகம் இருக்கிறதா? போன வருஷம் செப்டம்பர் 20, தொடக்க விழாகூட நடக்கவில்லை. கொரியாவை நாம் ஐந்து செட்டில் அடித்தோம். 25-27, 29-27, 25-22, 20-25, 17-15. இதைப் பார்க்காமலே எழுதுகிறேன், அத்தனை தடவை சொல்லிப் பார்த்திருக்கிறேன். 1966-லிருந்து ஒரு ஆசிய விளையாட்டில்கூடப் பதக்கம் இல்லாமல் திரும்பாத அணி அது. அமித் குலியா 24 பாயிண்ட். வினித் குமாரும் அஷ்வல் ராயும் அவனுக்கு இரண்டு பக்கமும் தோள் கொடுத்தார்கள். நான் செல்போனை அரிசி டப்பா மேல் சாய்த்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசிப் பந்து விழுந்ததும் நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரர்கள் ஓடி வந்துவிட்டார்கள். அந்த அணியில் லிஃப்டர்கள் யார்? நம் உக்கிரபாண்டியன், நம் முத்துசாமி. இரண்டு பேரும் தமிழ்நாட்டுப் பையன்கள்.

அடுத்து சீன தைபேயையும் நேர் செட்டில் முடித்தோம். 1986 சியோல் வெண்கலத்துக்குப் பிறகு இந்த முறை நிச்சயம் என்று ஊரே பேசியது. காலிறுதியில் ஜப்பான் வந்தது. மூன்று செட், மூன்றும் போயிற்று. மறக்க முடியாதது என்ன தெரியுமா? அது ஜப்பானின் முதல் அணியே இல்லை. இஷிகாவா, நிஷிதா எல்லாம் டோக்கியோவில் ஒலிம்பிக் தகுதிச் சுற்றுக்குத் தயாராகிக்கொண்டிருந்தார்கள். நாம் தோற்றது அவர்களுடைய இரண்டாவது அணியிடம். அந்த இரண்டாவது அணிதான் வெண்கலமும் வாங்கிப் போனது. நாம் பாகிஸ்தானிடமும் தோற்று ஆறாவது. ஜகார்த்தாவில் பன்னிரண்டாவதாக வந்ததற்கு இது முன்னேற்றம்தான், இல்லை என்று சொல்லவில்லை.

அந்த ஜப்பான் ஆட்டத்தை நான் மூன்று தடவை பார்த்தேன். அடியில் நாம் குறைந்தவர்கள் இல்லை. உயரத்திலும் குறைவில்லை. அவர்கள் சர்வீஸை எடுக்கும் முதல் பந்து நேராக லிஃப்டர் தலைக்கு மேல் போய் நிற்கிறது. அங்கிருந்து நடுவில் தாழ்வாக வேகமாகப் போடும் ஷார்ட்டா, பின்வரிசையா, வலது ஓரமா என்று நெட்டில் தடுக்க எம்பும் நம் பிளாக்குக்குத் தெரிவதற்குள் பந்து தரையில். நம் பக்கம் முதல் பந்து மூன்று மீட்டர் கோட்டுக்குப் பின்னால் விழுகிறது. லிஃப்டர் ஓடிப்போய் எடுத்து, வேறு வழியே இல்லாமல் ஓரத்துக்கு உயரமாகத் தூக்குகிறான். அங்கே இரண்டு பேர், சில சமயம் மூன்று பேர் கையை விரித்துக்கொண்டு நிற்கிறார்கள். அடிப்பவன் எவ்வளவு பெரிய வீரனாக இருந்தும் என்ன செய்ய? நீ ஓரத்தில் நின்று அடித்தவன், இது உனக்குத் தெரியாததா? நான் கெட்ட பந்து போட்ட நாளெல்லாம் நீ வீடு வரைக்கும் திட்டிக்கொண்டே வருவாய்.

இந்த மாதம் 5-ம் தேதி பாரிஸ் ஒலிம்பிக்கில் ஜப்பானும் இத்தாலியும் ஆடிய காலிறுதியைப் பார்த்தாயா? பார்க்கவில்லை என்றால் எப்படியாவது தேடிப் பார். கேம்ப்பிலிருந்து வந்த பையனை மறுநாள் பக்கத்தில் உட்கார வைத்து முழுதாகப் போட்டுக் காட்டினேன். "வேறு யாரையும் பார்க்காதே, இரண்டு லிஃப்டர்களை மட்டும் பார்" என்றேன். ஜப்பான் பக்கம் செகிதா, 175 சென்டிமீட்டர், நம் கொக்கைவிடக் குட்டை. இத்தாலி பக்கம் ஜியானெல்லி, இரண்டு மீட்டரைத் தொடுகிற ஆள், அணிக்குக் கேப்டன். 2022 உலக சாம்பியன்ஷிப்பின் சிறந்த ஆட்டக்காரர் விருதை வாங்கியவனும் அவன்தான். நல்லாக் கேட்டுக்கொள், லிஃப்டருக்கு அந்த விருது! ஜப்பான் முதல் இரண்டு செட்டையும் எடுத்தது. மூன்றாவதில் 24-21. ஒரு பந்து போதும். அங்கிருந்து இத்தாலி திரும்பி வந்து, ஐந்தாவது செட்டை 17-15 என்று எடுத்தது. பையன் கடைசி வரை வாய் திறக்கவில்லை. முடிந்த பிறகு, "மாமா, அந்த நெட்டை அண்ணன் நெட்டுக்கு மேலே வந்த பந்தை எடுத்தே லிஃப்ட் போடுகிறார், ஜப்பான்காரர் கீழே இருந்து போடுகிறார். ரெண்டும் ஒரே இடத்துக்குத்தான் போகுது" என்றான். பதினேழு வயதில் இதைப் பார்க்கத் தெரிந்தவனிடம் போய் "அடிக்கப் பழகு" என்கிறார்கள்.

குட்டையாக இருந்தால் லிஃப்ட் போட முடியாது என்பதும் இல்லை, நெட்டையாக இருந்தால் போடக் கூடாது என்பதும் இல்லை. கை வேண்டும், கண் வேண்டும். அதோடு உயரமும் சேர்ந்தால் முன்வரிசையில் பிளாக்குக்கு ஓட்டை இருக்காது. எதிராளி எப்போதும் லிஃப்டர் நிற்கிற பக்கமாகத்தானே அடிப்பான்? எத்தனை ஊர் என் தலைக்கு மேல் அடித்து நம்மை ஜெயித்தது என்று உனக்கே தெரியும்.

ஜப்பான்காரர்களும் சும்மா வந்துவிடவில்லை. 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கினார்கள். இன்றைக்கு உலகம் முழுக்க ஆடுகிற வேகப் பந்துகளில் பாதி அவர்கள் அப்போது கண்டுபிடித்ததுதான். அப்புறம் சரிந்தார்கள். லண்டனுக்கும் ரியோவுக்கும் தகுதியே பெறவில்லை. இஷிகாவா கல்லூரியில் படிக்கும்போதே 2014-ல் இத்தாலியின் மொடேனாவுக்கு ஆடப் போனான். பிரான்ஸிலிருந்து பிலிப் பிளான் 2017-ல் உதவிப் பயிற்சியாளராக வந்து, டோக்கியோ ஒலிம்பிக்குக்குப் பிறகு தலைமை ஏற்றார். போன வருஷம் நேஷன்ஸ் லீக்கில் வெண்கலம், இந்த வருஷம் வெள்ளி. ஒரே கும்பல், வருஷக்கணக்காகச் சேர்ந்தே ஆடுகிறார்கள். அடிப்பவன் எப்போது எம்புவான் என்று லிஃப்டருக்கு மூச்சிலேயே தெரிந்துவிடும்.

ஈரானைச் சொன்னால்தான் எனக்கு வயிறு எரிகிறது. 2003-ல் தாய்லாந்தில் 19 வயதுக்குட்பட்டோர் உலக சாம்பியன்ஷிப். பிரேசில் முதலிடம், நாம் இரண்டாமிடம், ஈரான் மூன்றாமிடம். நமக்குப் பின்னால் மாப்பிள்ளை! 2011-ல் அர்ஜென்டினாக்காரர் ஹூலியோ வெலாஸ்கோவைக் கூட்டி வந்தார்கள். அந்த வருஷமே முதல் தடவையாக ஆசிய சாம்பியன். 2014 உலக லீக்கில் நான்காமிடம். அந்த வருஷத்திலிருந்து ஹாங்சோ வரை மூன்று ஆசிய விளையாட்டிலும் தங்கம் அவர்களுக்குத்தான். 2003-ல் வெள்ளி வாங்கிய நம் பையன்களுக்கு 2014-ல் இருபத்தெட்டு, இருபத்தொன்பது வயது இருக்கும். ஒரு கைப்பந்துக்காரனுக்கு அதுதானே பொன்னான வயது? அந்த வயதில் அவர்கள் ஆளுக்கொரு டிபார்ட்மென்ட்டில் ஆளுக்கொரு அணிக்கு ஆடிக்கொண்டிருந்தார்கள். நாட்டுக்காகச் சேர்வது போட்டிக்கு முன் நடக்கும் கேம்ப்பில் மட்டும். 2016 கடைசியில் கூட்டமைப்புச் சண்டை முற்றி, உலகக் கூட்டமைப்பே நம்மை இடைநீக்கம் செய்தது. பதவிக்கு இவர்கள் அடித்துக்கொண்டதில் ஆடுகிற பையன்களின் வருஷங்கள் போயின. அதை எந்த நாற்காலி திருப்பிக் கொடுக்கும்?

நம் நாட்டில் கைப்பந்து லீக் வந்தது நல்லதுதான். 2019-ல் நேரு உள்விளையாட்டரங்கில் சென்னையும் கோழிக்கோடும் ஆடிய இறுதிக்கு நாம் இரண்டு பேரும் போனோமே. அதுவரை தோற்காமல் வந்த கோழிக்கோட்டை சென்னை நேர் செட்டில் அடித்தபோது, எதிரணிக் கேப்டனாக நின்றது நம் தமிழ்நாட்டு ஜெரோம் வினித். கைதட்டவும் முடியாமல் தட்டாமலும் இருக்க முடியாமல் நீ தவித்தாய். அந்த லீக் ஒரு சீசனோடு நின்று, 2022-ல் வேறு பெயரில் வந்தது. பையன்களுக்குக் காசு கிடைக்கிறது, டிவியில் முகம் தெரிகிறது. ஆனால் 15 பாயிண்ட்டில் செட் முடிகிறதே, அது எனக்கு உடன்பாடில்லை. 25 பாயிண்ட் ஆட்டத்தில் லிஃப்டர் முதல் பத்துப் பாயிண்ட்டில் எதிர் பிளாக்கைப் படிப்பான். யார் முந்துகிறான், யார் ஏமாறுகிறான் என்று குறித்துக்கொள்வான். படித்ததைக் கடைசி ஐந்து பாயிண்ட்டில் செலவு செய்வான். 15-ல் படிக்கிறதுக்கே நேரமில்லை. நல்ல அடிகாரனுக்கு அது விருந்து, லிஃப்டருக்குப் பட்டினி.

நம் நாட்டின் பெரிய அடிகாரர் ஜிம்மி ஜார்ஜ் இறந்த செய்தி வந்த அன்று நினைவிருக்கிறதா? 1987 நவம்பர் கடைசி, இத்தாலியில் கார் விபத்து. பி.டி. சார் நெட்டை அவிழ்த்துக் கீழே போட்டுவிட்டு நம்மை வரிசையாக நிற்க வைத்தார். முப்பத்திரண்டு வயதுதான் அவருக்கு. இன்னும் எத்தனை ஜிம்மி வருவான் என்று யாரோ கேட்டதற்கு, "ஜிம்மி வருவான்டா, அவனுக்குப் பந்து போடுகிறவன் வரணுமே" என்றார் சார். அன்றைக்கு அவர் என்னைப் பார்த்துத்தான் சொன்னார் என்று நான் நம்பினேன். நான் மாவட்டத்தைத் தாண்டவில்லை. இவன் தாண்டுவான்.

இப்போது உன்னிடம் கேட்பது இதுதான். மச்சானிடம் நான் பேசினால், "உன் ஆசைக்கு என் பிள்ளையா?" என்கிறார். நீ பேசினால் கேட்பார். பந்தை வைத்து ரயில்வேயில் வேலை வாங்கி, வீடு கட்டி, இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைத்த ஆள் அவர் கண் முன்னால் நீ ஒருவன்தான். படிப்பை விடச் சொல்லவேண்டாம். கைப்பந்து அணி நன்றாக இருக்கிற கல்லூரியில் சேர்த்தால் படிப்பும் நடக்கும், ஆட்டமும் நடக்கும் என்று சொல். எஸ்.ஆர்.எம். மாதிரி இடங்களில் என்ன வழி என்று உன் டிபார்ட்மென்ட் பையன்களிடம் விசாரித்து வை. இன்னொன்று, உனக்குத் தெரிந்த பயிற்சியாளர் யாராவது இருந்தால் இவன் கையை ஒரு தடவை பார்க்கச் சொல். அடிக்கிற கை இல்லை என்று அவர் சொன்னால் பரவாயில்லை. லிஃப்ட் போடுகிற கை இல்லை என்று சொன்னால் நான் வாயை மூடிக்கொள்கிறேன்.

செப்டம்பர் 14, 15 சனி ஞாயிறு கோயில் கொடைக்கு ராத்திரி டோர்னமென்ட். இந்தத் தடவை லைட் எல்லாம் எல்.ஈ.டி. மச்சானும் ஊரில் இருப்பார். லீவு இல்லை என்று சொல்லாதே, ரிட்டயர் ஆக இரண்டு வருஷம் இருக்கும்போது யார் உன்னைக் கேட்பார்கள்? தங்கச்சியையும் கூட்டி வா, வீட்டில் ஒரு வாரமாக உங்களுக்காக முறுக்கு மாவைப் பற்றியே பேச்சு. முழங்கால் கேப்பை மறக்காதே. ஞாயிறு காலையில் வெயிலுக்கு முன் பழைய ஆட்கள் ஒரு செட் ஆடுகிறோம். உனக்கு நம் பையன்தான் லிஃப்ட் போடுவானாம். ஓரத்துக்கு உயரமாகவா, நடுவில் ஷார்ட்டா என்று மாமாவிடம் கேட்டு எழுதச் சொன்னான். பதிலில் அதை மட்டுமாவது மறக்காமல் எழுது.

அன்புடன்,
உன் லிஃப்டர்