தென்கடலில் என்னைத் தூக்கிவந்தவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்புள்ள வள்ளத்துக்கார அண்ணனுக்கும், உங்கள் மகனுக்கும், டீக்கடை அண்ணனுக்கும், கடல்பாசி எடுக்கும் அக்காமார் மூவருக்கும்,

பேரைப் போட வேண்டாம் என்று நீங்கள் எல்லோரும் ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டீர்கள். அதனால் பேர் இல்லாமலே எழுதுகிறேன். யாரைச் சொல்கிறேன் என்று உங்களுக்குத் தெரியும். மன்னார் வளைகுடாவின் சீனியப்பா தர்கா கரையில் மற்றவர்களுக்கும் தெரியும். அன்றைக்கே நேரில் நன்றி சொல்லத்தான் வாயைத் திறந்தேன். பல் அடித்துக்கொண்டிருந்ததில் பாதி வார்த்தை வெளியே வரவில்லை. சொல்லாமல் விட்ட அந்தப் பாதியும் இதில் இருக்கிறது.

மார்கழியின் மூன்றாவது ஞாயிறு. ராமநாதபுரத்திலிருந்து நான் வந்து சேர்ந்தபோது ஐந்தரை மணி. எங்கோ ஒரு கோயில் ஒலிபெருக்கி பாடிக்கொண்டிருந்தது. போன் 22 டிகிரி என்று காட்டியது. வெளியூர்க்காரர்களுக்கு இது குளிரே இல்லை. வெயிலில் வளர்ந்த நமக்குக் காதில் துண்டு கட்டாமல் நிற்க முடியாத குளிர். தூண்டில் போடப் போவதற்காகக் கொண்டுவந்த கயாக்கை, அதாவது சின்னத் துடுப்புப் படகை, வண்டியிலிருந்து இறக்கி வைத்துவிட்டு டீ குடிக்க வந்தேன்.

டீக்கடை அண்ணே, முதல் நன்றி உங்களுக்குத்தான். "தனியாவா போறீங்க?" என்றீர்கள். ஆமாம் என்றேன். "எத்தனை மணிக்குத் திரும்புவீங்க?" என்றீர்கள். ஒன்பதரைக்குள் வந்துவிடுவேன் என்றேன். "சரி, பத்து மணிக்கு மேல வாடை ஏறும், பார்த்துக்கங்க" என்று சொல்லிவிட்டு, சுவரில் தொங்கிய தினசரி காலண்டரில், பால் கணக்கு எழுதும் பென்சிலால் 9.30 என்று குறித்தீர்கள். அதை நான் பார்த்தேன். எதற்கு என்று கேட்கக்கூட இல்லை. மத்தியானம் உங்கள் பெஞ்சில் போர்வைக்குள் உட்கார்ந்திருந்தபோது அந்தக் காலண்டர்தான் எதிரே இருந்தது. பால் ஆறு லிட்டர் என்பதற்குக் கீழே என் நேரம். அந்த ஒரு வரியை நீங்கள் எழுதாமல் விட்டிருந்தால் என்னைத் தேட யாருக்கும் காரணமே இருந்திருக்காது.

நான் செய்த தவறை விவரமாகவே எழுதுகிறேன். என்னைப் போல ஊருக்குள்ளிருந்து கயாக்கைத் தூக்கிக்கொண்டு வருகிற தம்பிகள் இப்போது அதிகம். அவர்களுக்கு உதவும். நம் மாவட்டத்தில் வாடை எனும் வடகிழக்குக் காற்றுக் காலத்தில் வடகடல் (பாக் விரிகுடா) கொந்தளிக்கும், தென்கடல் (மன்னார் வளைகுடா) கண்ணாடி மாதிரிக் கிடக்கும். கச்சான் எனும் தென்மேற்குக் காற்றுக் காலத்தில் இது அப்படியே தலைகீழ். எனக்கும் இது தெரியும். தெரிந்ததால்தான் மார்கழியில் மன்னார் வளைகுடாப் பக்கம் வந்தேன். ஆனால் தென்கடல் ஏன் அப்படிக் கிடக்கிறது என்று யோசிக்கவில்லை. வாடை நிலத்தின் மேலாக வருகிறது. கரையோரத்தில் பனங்காடும் மணல்மேடும் அதை மறைக்கின்றன, அதனால் அலை எழும்புவதில்லை. வெளியே போகப் போக அந்த மறைவு போய்விடும், அலையும் வளர்ந்துகொண்டே வரும். எல்லாவற்றையும்விட முக்கியம், அந்தக் காற்று கரையிலிருந்து கடலுக்குள் வீசுகிறது. போகும்போது முதுகில் கை வைத்துத் தள்ளிவிடும். திரும்பும்போது நெஞ்சில் கை வைத்து நிறுத்தும்.

காலையில் அந்த நிறுத்தும் கை கண்ணில் படவே இல்லை. கணவாய்த் துண்டை முள்ளில் குத்திக் கைத்தூண்டிலை இறக்கிய பத்தாவது நிமிடம் முதல் விளமீன். கன்னத்தில் நீலக்கோடுகள் ஈரத்தில் மின்னிக்கொண்டிருந்தன. அப்புறம் இரண்டு ஓரா மீன். அப்புறம் ஒரு சின்னப் பாறை மீன், கையை அறுக்கிற மாதிரி நூலை இழுத்தது. கடி நின்றபோதெல்லாம் நங்கூரமாகக் கட்டியிருந்த கல்லைத் தூக்கிவிட்டுக் காற்றோடு கொஞ்ச தூரம் போகவிட்டேன், மறுபடி இறக்கினேன். கொஞ்சம் கொஞ்சமாக எவ்வளவு தூரம் போனேன் என்று கணக்கே வைக்கவில்லை.

ஒன்பது மணி வாக்கில் நிமிர்ந்து பார்த்தேன். கரை மெல்லிய கோடாகத் தெரிந்தது. நேர் பின்னால் முயல் தீவு. அந்தத் தீவுகளில் இறங்கக் கூடாது, தேசியப் பூங்கா எல்லை என்பது தெரியும். சுற்றிலும் பார் (பவளப்பாறை) வேறு. இருந்தாலும் ஒதுங்க அதுதான் இடம் என்று ஒரு நிமிடம் மனசு போனது. துடுப்பை எடுத்துக் கரையைப் பார்த்துப் போட ஆரம்பித்தேன். ஒரு ஒற்றைப் பனைக்கு நேராக செல்போன் டவர் ஒன்று நின்றது. இரண்டையும் அடையாளம் வைத்துக்கொண்டேன். நாற்பது நிமிடம் துடுப்புப் போட்டேன். பனை இருந்த உயரமே இருந்தது.

ஒவ்வொரு அலையும் மடியில் உடைந்தது. பருத்திச் சட்டை போட்டிருந்தேன், அதுவும் தவறுதான். ஈரச்சட்டையில் வாடை அடிக்கும்போது உடம்புச் சூடு போகிற வேகத்தை அனுபவித்தால்தான் நம்ப முடியும். நழுவிய தண்ணீர் பாட்டிலை எடுக்க ஒரு நொடி திரும்பினேன். கயாக்கின் பக்கவாட்டை அலைக்குக் காட்டிவிட்டேன். கயாக் கவிழ்ந்தது.

இந்த இடத்தில் காரங்காட்டுத் தம்பிகளுக்கும் ஒரு நன்றி. அங்கே சதுப்புநிலக் காட்டுக்குள் வனத்துறையும் ஊர்க்காரர்களும் சேர்ந்து நடத்துகிற கயாக்கில்தான் நான் முதன்முதலாகத் துடுப்புப் பிடித்தேன். லைஃப் ஜாக்கெட்டின் கொக்கியை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்க்காமல் ஏற விடமாட்டீர்கள். கவிழ்ந்தால் கயாக்கைத் திருப்பி, குறுக்கே வயிற்றைப் போட்டு, காலை உதைத்து ஏற வேண்டும் என்று இடுப்பளவுத் தண்ணீரில் நிற்கவைத்துச் சொல்லிக்கொடுத்தீர்கள். அன்று இரண்டு முறை அப்படித்தான் ஏறினேன். மூன்றாவது முறை கவிழ்ந்தபோது விரல்கள் மூடவில்லை. துடுப்பு போய்விட்டது. மீன் பெட்டி முன்னாடியே போய்விட்டது. போன் உறைக்குள் இருந்தது, ஆனால் நனைந்து விறைத்த விரலுக்கு அது பதில் சொல்லவில்லை. கயாக்கின் கைப்பிடிக் கயிற்றுக்குள் மணிக்கட்டை நுழைத்துக்கொண்டு கிடந்தேன்.

அதே நேரத்தில் கரையில் நடந்தது எனக்குப் பிறகுதான் தெரியவந்தது. ஒன்பதே முக்காலுக்கு டீக்கடை அண்ணன் கடையை அப்படியே விட்டுவிட்டு மணல்மேட்டில் ஏறிப் பார்த்திருக்கிறார். எதுவும் தெரியவில்லை என்றதும் கடலில் நண்டு வலை எடுத்துக்கொண்டிருந்த வள்ளத்துக்கார அண்ணன் உங்களுக்குப் போன் செய்திருக்கிறார். வலையில் பாதிதான் ஏற்றியிருந்தீர்கள் அண்ணே. மீதிக்கு மிதவையைக் கட்டி அங்கேயே விட்டுவிட்டு வந்தீர்கள்.

வள்ளம் வந்த விதம் எனக்குக் கண்ணுக்குள் நிற்கிறது. நேராக என் மேல் வந்துவிடவில்லை. சுற்றிப் போய் வாடைப் பக்கம் நின்றீர்கள். வள்ளம் எனக்கும் காற்றுக்கும் நடுவில் மறைப்பாக வந்ததும் என்னைச் சுற்றித் தண்ணீர் அடங்கியது. இன்ஜினை நிறுத்தினீர்கள். நான் அவசரத்தில் கையை நீட்டினேன். "இப்ப வேணாம் தம்பி, அலை தூக்கும், அப்ப வா" என்றீர்கள். அலை தூக்கியது. உங்கள் மகன் அக்குளில் கை கொடுத்தார், நீங்கள் ஜாக்கெட்டின் தோள்பட்டையைப் பிடித்தீர்கள். அவ்வளவுதான், வலை மேல் கிடந்தேன். கன்னத்துக்குப் பக்கத்தில் ஒரு நண்டு நுரை கக்கிக்கொண்டிருந்தது.

ஈரச்சட்டையைக் கழற்றினீர்கள். கூடையிலிருந்து உங்கள் கைலியை எடுத்து உடம்பைத் துடைத்து அதையே சுற்றிவிட்டீர்கள், மேலே தார்ப்பாய். இன்ஜினை ஒட்டி உட்காரவைத்தீர்கள். டீசல் வாடையும் அந்தச் சூடும் சேர்ந்து வந்தபோது எனக்கு அழுகை வந்தது, மறைக்கவில்லை. நீங்கள் பார்க்காத மாதிரி கடலைப் பார்த்துக்கொண்டு பேசிக்கொண்டே வந்தீர்கள். என்ன வேலை, எந்தத் தெரு, பிள்ளைகள் எத்தனை என்று கேட்டுக்கொண்டே இருந்தீர்கள். 1964 தனுஷ்கோடிப் புயலும் இதே மார்கழியில்தான் வந்தது, பிழைத்து வந்தவர்களுக்கு உங்கள் அத்தா சோறு பொங்கிப் போட்ட கதையை வீட்டில் இன்னும் சொல்வார்கள் என்றீர்கள். நான் தூங்கிவிடக் கூடாது என்றுதான் பேசினீர்கள் என்பது எனக்கு இரவில்தான் புரிந்தது.

கரையில் அக்காமார். பாசியைக் காயப்போட்டுத் தரம் பிரித்துக்கொண்டிருந்தவர்கள், வள்ளம் தரை தட்டுவதற்கு முன்பே பனையோலையையும் மட்டையையும் போட்டுத் தீ மூட்டியிருந்தீர்கள். நான் நேராகத் தீயில் கையைக் காட்டப் போனேன். மூத்த அக்கா என் கையைத் தட்டிவிட்டு, "கையை விடு, முதல்ல நெஞ்சை மூடு" என்றீர்கள். ஒரு போர்வை வந்தது. பிறகு கருப்பட்டி போட்ட சுக்குக் காபி. டம்ளரை என்னால் பிடிக்க முடியவில்லை. அக்கா, நீங்களே பிடித்து வாயில் வைத்தீர்கள். அப்போதுதான் உங்கள் விரல்களைப் பார்த்தேன். பாரில் பாசி பறிக்கும்போது கிழியாமல் இருக்க ஒவ்வொரு விரலிலும் துணிக்கிழிசல் சுற்றியிருந்தது. சுற்றாத இடத்தில் பழைய கீறல்கள், வெள்ளை வெள்ளையாக. வருடக்கணக்காக இதே கடலில் நெஞ்சளவுத் தண்ணீரில் முங்கி எழுகிறவர்கள் நீங்கள். மூன்று மணி நேரம் நனைந்தவனுக்காக அன்று உங்கள் வேலையை நிறுத்தினீர்கள்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் பார்த்த சிஸ்டருக்கும் நன்றி. 22 டிகிரியில் இப்படி ஆகுமா என்று நான் கேட்டதற்கு, தண்ணீர் காற்றைவிடச் சுமார் 25 மடங்கு வேகமாக உடம்புச் சூட்டை இழுத்துவிடும், அதனால் நம் ஊர்க் கடலிலும் நேரம் போனால் உடம்பு குளிர்ந்துவிடும் என்று பொறுமையாகச் சொன்னார். அக்கா சொன்னதுதான் சரி, கை காலைத் தேய்க்கக் கூடாது, நடு உடம்பைத்தான் முதலில் சூடாக்க வேண்டும் என்றும் சொன்னார். தமிழ்நாடு காவல்துறையின் கடலோரப் பாதுகாப்புக் குழுமத்திலிருந்து வந்த இருவரும் ஒரு வார்த்தை திட்டவில்லை. 1093 என்பது அவர்களுடைய அவசர எண், 1554 இந்தியக் கடலோரக் காவல்படையுடையது. இரண்டையும் என் கயாக்கில் பெயிண்டால் எழுதவைத்துவிட்டுத்தான் போனார்கள்.

துடுப்பு வந்த கதையையும் சொல்ல வேண்டும். அதில் என் எண்ணை மார்க்கரில் எழுதியிருந்தேன். நாலாம் நாள் பெரியபட்டினம் பக்கத்திலிருந்து ஒரு போன். வலைக்குப் போனவருக்கு மிதந்து கிடைத்திருக்கிறது. கடைசி இரண்டு எண் அழிந்துபோனதால் ஒவ்வொன்றாக மாற்றிப் போட்டுப் பார்த்ததாகச் சொன்னார். எத்தனை பேரை எழுப்பிக் கேட்டிருப்பார் என்று நினைக்கிறேன். போய் வாங்கிவந்தேன். அவருக்கும் இந்த மடல் போய்ச் சேர வேண்டும்.

இனி என் மனசில் கிடந்து உறுத்துகிற விஷயம். வள்ளத்துக்கார அண்ணே, என்னைக் கரையில் விட்ட பிறகு நீங்களும் உங்கள் மகனான தம்பியும் அந்த வாடையிலேயே மறுபடி போனீர்கள் என்பதை நீங்கள் சொல்லவில்லை, டீக்கடை அண்ணன்தான் சொன்னார். விட்டுவந்த வலை இழுபட்டுப் பாரில் மாட்டிக் கிழிந்திருந்தது. நண்டில் பாதி இல்லை. ஒரு நாள் உழைப்பும் வலையும் போனது என்னால்தான். பணத்தோடு வந்தபோது நீங்கள் கோபப்பட்டீர்கள். "கடல்ல கிடந்தவனுக்கு விலை வாங்குனா நாளைக்கு எனக்கு யார் வருவா" என்றீர்கள். அந்தப் பேச்சுக்கு மேல் பேச எனக்கு வாய் இல்லை.

ஆனால் வலை கிழிந்தது கிழிந்ததுதானே. தம்பியிடம் கேட்டேன், என்ன கண்ணி, என்ன நூல் என்று. சொல்ல மாட்டேன் என்றார், இரண்டு நாள் கழித்துச் சொன்னார். அவரைத் திட்டாதீர்கள். நூலும் மிதவையும் ஈயமும் வாங்கி வைத்திருக்கிறேன். பணம் வேண்டாம் என்றீர்கள், நூலை வேண்டாம் என்று சொல்லவில்லை. வலை கட்ட எனக்குத் தெரியாது, உட்கார்ந்து ஊசியில் நூல் ஏற்றித் தருகிறேன். அந்த வேலையை ஒரு நாளில் கற்றுக்கொள்வேன் என்று தம்பி சொல்கிறார்.

வருகிற ஞாயிறு காலை வருகிறேன். கயாக் இல்லாமல்தான். டீக்கடை அண்ணே, எத்தனை மணிக்குத் திரும்புவேன் என்று காலண்டரில் குறிக்க வேண்டியதில்லை, சாயங்காலம் வரை அங்கேதான் இருப்பேன். அக்காமாருக்கு சாயல்குடிக் கருப்பட்டி இரண்டு கிலோ எடுத்துவைத்திருக்கிறேன். அண்ணே, உங்கள் கைலியைத் துவைத்து மடித்து வைத்திருக்கிறேன், டீசல் கறை மட்டும் போகவில்லை.

இப்படிக்கு,
ராமநாதபுரத்திலிருந்து உங்கள் தம்பி