தீப்தி சர்மாவுக்கு இன்னும் டெஸ்ட் கொடுங்கள்

இந்திய கிரிக்கெட் கட்டுப்பாட்டு வாரிய நிர்வாகிகளுக்கு,

வணக்கம். 2025 நவம்பர் 2 அன்று நவி மும்பையில் இந்தியா பெண்கள் ஒருநாள் உலகக் கோப்பையை வென்றபோது தொடர் நாயகி விருது தீப்தி சர்மாவுக்குப் போனது. தொடர் முழுக்க 215 ரன், 22 விக்கெட். இறுதிப் போட்டியில் மட்டும் 58 ரன், ஐந்து விக்கெட். சதமடித்து மிரட்டிக்கொண்டிருந்த தென்னாப்பிரிக்கக் கேப்டன் லாரா வோல்வார்ட்டை அனுப்பியதும் அவர்தான், கடைசி விக்கெட்டை எடுத்து ஆட்டத்தை முடித்ததும் அவர்தான்.

2014 நவம்பரில், 17 வயதில் அணிக்கு வந்தார். அந்த உலகக் கோப்பை வரை ஒருநாள், டி20 இரண்டிலும் தலா நூறு ஆட்டங்களைத் தாண்டிவிட்டார். பல நாள் நடக்கும் டெஸ்ட் எத்தனை? ஐந்தே ஐந்து. அவர் அறிமுகமான அதே மாதம் மைசூரில் நம் பெண்கள் ஒரு டெஸ்ட் ஆடினார்கள். அடுத்தது 2021 ஜூனில், பிரிஸ்டலில். ஆறரை வருடம் சும்மா போயிற்று. மட்டை, பந்து இரண்டிலும் கைகொடுக்கும் ஒரு ஆல்ரவுண்டர் வளர்கிற வயது அது.

கிடைத்ததை அவர் வீணாக்கவில்லை. முதல் நான்கு டெஸ்டிலும் டெஸ்டுக்கு ஒன்று என்பதுபோல் அரைசதம். 2023 டிசம்பரில், பின்னாளில் கோப்பை வென்ற அதே டி.ஒய். பாட்டீல் மைதானத்தில், இங்கிலாந்துக்கு எதிராக 67 ரன் அடித்துவிட்டுப் பந்தை எடுத்தார். 5.3 ஓவர், அதில் ரன்னே கொடுக்காத மெய்டன் ஓவர் நான்கு, 7 ரன், 5 விக்கெட். இங்கிலாந்து 136க்குச் சுருண்டது. இரண்டாவது இன்னிங்ஸில் மேலும் நான்கு விக்கெட். 347 ரன் வித்தியாசத்தில் வெற்றி.

டி20யில் நான்கு ஓவர், ஒருநாளில் பத்து ஓவர் என்று அவர் கையைக் கட்டிவிடுகிறோம். டெஸ்டில்தான் மட்டைக்குப் பக்கத்தில் ஆட்களை நிறுத்திக்கொண்டு, விக்கெட் விழும்வரை ஒரே முனையிலிருந்து வீசிக்கொண்டே இருக்கலாம். அவரைப் போன்ற ஆஃப் ஸ்பின் சுழற்பந்து வீச்சாளருக்கு வேறென்ன வேண்டும்?

2022இல் ஆண்களுக்குச் சமமான ஆட்டக் கட்டணத்தை அறிவித்தீர்கள். நல்ல முடிவு, மனதாரப் பாராட்டுகிறேன். ஆனால் டெஸ்டுக்கு 15 லட்சம் ரூபாய் என்றால், டெஸ்ட் நடந்தால்தானே கைக்கு வரும்! 2024இல் மண்டல அணிகளுக்கிடையே, டெஸ்ட் போலப் பல நாள் ஆடும் சிவப்புப் பந்துப் போட்டியை மீண்டும் கொண்டுவந்ததும் சரியான காரியமே. அப்புறம் ஏன் சர்வதேச ஆட்டங்களில் மட்டும் இந்தத் தயக்கம்? 2026 அட்டவணையில் பெர்த்தில் ஒன்று, லார்ட்ஸில் ஒன்று என்று போட்டிருக்கிறீர்கள். இரண்டுமே வெளிநாட்டில், இரண்டுமே ஒற்றை டெஸ்ட்.

எனவே ஒவ்வொரு சீசனும் உள்ளூரில் இரண்டு டெஸ்ட் கொண்ட ஒரு தொடராவது நடத்துங்கள். அதில் ஒன்றைச் சேப்பாக்கத்துக்குக் கொடுங்கள். 2024இல் இங்கே தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக நம் அணி 603 ரன் குவித்ததையும், ஸ்நே ராணா ஒரே இன்னிங்ஸில் எட்டு விக்கெட் எடுத்ததையும் பார்த்தவர்கள் அடுத்த டெஸ்டுக்குக் காத்திருக்கிறோம். தீப்திக்கு இன்னும் முப்பது வயதுகூட ஆகவில்லை. அடுத்த அட்டவணையிலேயே இதைச் செய்யுங்கள்.

இப்படிக்கு,
பெண்கள் கிரிக்கெட்டை விடாமல் பார்க்கும் ஒரு ரசிகை