ஊசி போடாத ஆம்புலன்ஸ்காரன் எழுதுவது

ராமநாதபுரம் கடலோர நாட்டுப்படகு, விசைப்படகுச் சங்கத் தலைவர்களுக்கும் படகு முதலாளிகளான சம்மாட்டி அண்ணன்மாருக்கும் வணக்கம்.

ஒரு அறக்கட்டளை ஆம்புலன்ஸில் அடிப்படை நிலை அவசர மருத்துவ உதவியாளனாக இருக்கிறேன். பாம்பன் தொடங்கி தொண்டி வரைக்கும் உங்கள் ஆட்களைப் பல கரைகளில் ஏற்றியிருக்கிறேன். போகிற இடமெல்லாம் ஒரே கேள்விதான்: "ஒரு ஊசி கூடப் போடத் தெரியாதா? அப்புறம் எதுக்கு வர்றீங்க?"

போன வருடம் ஒரு கரையில், வலை இழுக்கும்போது தவறிக் கடலில் விழுந்த பையனை மணலில் கிடத்தியிருந்தார்கள். ஒருவர் வயிற்றை அமுக்கிக்கொண்டிருந்தார். இன்னொருவர் காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கப் பார்த்தார். மூச்சு இல்லை, நாடி இல்லை. மல்லாக்கப் படுக்க வைத்து, வாயில் இருந்த மணலை வழித்துவிட்டு, மாஸ்க்கோடு பையை அமுக்கிக் காற்றுக் கொடுத்தேன். நெஞ்சை அமுக்கத் தொடங்கி இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது. "சும்மா குத்திக்கிட்டிருக்கான், தூக்குங்கடா" என்று ஒரு பெரியவர் என் தோளைப் பிடித்து இழுத்தார். பையனைக் காரில் போட்டுக்கொண்டு போய்விட்டார்கள். காலி ஸ்ட்ரெச்சரோடு நாங்கள் பின்னால் போனோம்.

பையன் பிழைக்கவில்லை. என் கையில் விட்டிருந்தால் பிழைத்திருப்பான் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் காரின் பின்சீட்டில் அவனுக்கு யாரும் காற்றுக் கொடுக்கவில்லை. காற்று இல்லாமல் நாலைந்து நிமிடம் போனாலே மூளை கெடத் தொடங்கிவிடும். ராமேஸ்வரத்திலிருந்து ராமநாதபுரம் ஏறக்குறைய 55 கிலோமீட்டர்.

சரி, நான் என்னதான் செய்யலாம்? ஆக்சிஜன் கொடுக்கலாம். ரத்தத்தை அழுத்திக் கட்டி நிறுத்தலாம், முறிந்த காலுக்கு அட்டை வைத்துக் கட்டலாம். ஷாக் கொடுக்கும் சிறு கருவியை அதுவே சொல்கிறபடி இயக்கலாம். வழியில் வலி எடுத்தால் பிரசவமும் பார்க்கலாம். சர்க்கரை இறங்கியவர் நினைவோடு விழுங்க முடிந்தால் வாய்வழி குளுக்கோஸ் கொடுப்பேன். நரம்பில் ஊசி ஏற்றுவதும் தொண்டையில் குழாய் இறக்குவதும் என் படிப்பில் இல்லை. 108-இல் வருகிறவர்களில் என்னைவிடக் கூடுதலாகப் படித்தவர்கள் உண்டு. போனில் டாக்டர் சொல்வதைக் கேட்டு மேலும் சிலது செய்வார்கள். இன்னொன்று, 'உயிர் போய்விட்டது' என்று சொல்ல எனக்கு அதிகாரம் கிடையாது. அது டாக்டர் சொல்ல வேண்டியது. அதனால்தான் நீங்கள் கைவிட்ட பிறகும் நான் நெஞ்சை அமுக்கிக்கொண்டே இருக்கிறேன்.

திருக்கை முள் காலில் குத்தினால் நான் முதலில் கேட்பது வெந்நீர். கால் தாங்குகிற சூட்டில் ஊறவைத்தால் விஷத்தின் வீரியம் குறையும், வலியும் இறங்கும். நெஞ்சிலோ வயிற்றிலோ ஏறிய முள்ளை மட்டும் பிடுங்காதீர்கள். வலையில் வந்த கடல் பாம்பு கடித்தால் வலியே தெரியாமல் போகலாம். "ஒண்ணுமில்லை" என்று வீட்டுக்குப் போனவருக்குச் சில மணி நேரம் கழித்து உடம்பெல்லாம் வலித்து, இமை தொங்கி, சிறுநீர் கறுத்துப் போகும். அரசு மருத்துவமனையில் இருக்கும் விஷமுறிவு மருந்து நான்கு வகைத் தரைப் பாம்புகளுக்கானது. கடல் பாம்புக்கு அது கேட்காது. கருவி வைத்து மூச்சைத் தாங்கிப் பிடிக்கிற மருத்துவமனைக்குச் சீக்கிரம் போவதுதான் வழி. அந்த ஊசியை நான் போடவில்லை என்று கோபப்படுவதில் அர்த்தமில்லை, அண்ணே.

உங்களிடம் கேட்பது இரண்டுதான். படகு கரை தட்டிய பிறகு கூப்பிடாதீர்கள். சிக்னல் கிடைத்த உடனே கூப்பிடுங்கள். நடுக்கடலில் என்றால் கடலோரக் காவல்படைக்கு 1554. அப்புறம், நெஞ்சை அமுக்குவதையும் காற்றுக் கொடுப்பதையும் நான் வருவதற்குள் ஆரம்பித்து வைக்க ஒவ்வொரு கரையிலும் நாலு பேருக்காவது தெரிந்திருக்க வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகெல்லாம் கரையில்தான் நிற்கும். ஒரு சாயங்காலம் ஒதுக்குங்கள். நெஞ்சை அமுக்கிப் பழகுகிற பொம்மையை நான் எடுத்து வருகிறேன். ஏலக்கூடத்தில் ஒரு பாய் மட்டும் விரித்து வையுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் கரைக்கு வந்துபோகும் ஆம்புலன்ஸ்காரன்